மாட்டெறிதலும் குறிப்பிணைப்பும்

இலக்கிய ஆராய்ச்சி குறிப்பெடுத்தலில் தொடங்குகிறது; குறிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திக் காண்டலில் வளர்கிறது; அப்பொருத்தத்தின் வன்மை மென்மைகளை ஆராய்ந்து துணிதலில் முடிகிறது. இம்மூன்றனுள் முதலாவது உழைப்பால் அமைவது. மூன்றாவது அறிவால் அமைவது. இடைநின்ற பொருத்திக் காண்டலோ உழைப்பு, அறிவு என்னும் இரண்டனையும் ஒருங்கே வேண்டி நிற்பது. அவ்விடைத் தொழிலையே கணிப்பொறி மென்பொருள்கள் இன்று ஏற்றுக்கொள்ள முன்வந்துள்ளன. அவை அத்தொழிலில் எத்துணைப் பகுதியை ஏற்கவல்லன, எப்பகுதியை ஏற்கமாட்டா என்பதனைத் தமிழ் நூன்மரபின்வழி நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிப்பிணைப்பு மென்பொருளின் இயல்பு

2020-இல் வெளிவந்த அப்சிடியன் என்னும் மென்பொருளை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன்கண் ஒவ்வொரு குறிப்பும் தனித்தனிக் கோப்பாக எழுதி வைக்கப்படும். ஒரு குறிப்பினுள் ஒரு பெயரை இரட்டைப் பகர அடைப்புக்குள் எழுதிய அளவில், அப்பெயருடைய மற்றொரு குறிப்போடு அஃது இணைந்துவிடும். அவ்விரண்டாம் குறிப்பைத் திறப்பின், தன்னைச் சுட்டிய குறிப்புகள் எல்லாவற்றையும் அது வரிசைப்படுத்திக் காட்டும். குறிப்புகள் புள்ளிகளாகவும் இணைப்புகள் கோடுகளாகவும் அமைந்த வலைப்படம் ஒன்றும் திரையில் தோன்றும். முனைவர் பட்டத்திற்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்களைத் தொகுக்கும் மாணவர்க்கு இவை பேருதவி என்பதில் ஐயமில்லை.

இம்முறைக்கு முன்னோடியாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுபவர் செருமானியச் சமூகவியலறிஞர் நிக்லாசு லூமான் (1927–1998). அவர் ஏறக்குறைய 90,000 தாட்சீட்டுகளில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றிற்கும் கிளைத்துச் செல்லும் எண் கொடுத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். அச்சீட்டுப்பெட்டியைத் தம்மோடு உரையாடும் துணைவன் என்றே 1981-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் கருதினார். ஈண்டு உற்று நோக்கற்குரியது ஒன்றுண்டு. லூமானின் சீட்டுகளில் ஓர் இணைப்பு என்பது அவர் கையால் எழுதிய ஓர் எண்; அதனை எழுதுமுன் அவர் இரண்டு சீட்டுகளையும் எடுத்துப் படித்தாகல் வேண்டும். மென்பொருளிலோ பெயரொப்புமை ஒன்றே இணைப்புக்குப் போதிய காரணமாகிவிடுகிறது. முன்னதில் இணைப்பு சிந்தனையின் விளைவு. பின்னதில் அஃது எழுத்துக்களின் விளைவு. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டனையும் ஒன்றெனக் கூறுவோர், பெட்டியைக் கண்டு அதனைப் பயன்படுத்திய கையைக் காணாதவராவர்.

தமிழ் மரபில் இணைப்பு

தொலைவிற் கிடக்கும் பொருளை இடம்விட்டு இடம் கொண்டு இயைத்தல் தமிழ்நூலார்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் 'மாட்டு' என்பதனைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் பொருள் முடியுமாறு கொண்டுவந்து பொருத்துதல் அதன் இலக்கணம். நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் மாட்டெறிந்தொழுகல் ஒன்று. அதனோடு ஒப்பின் முடித்தல், ஏதுவின் முடித்தல், பிறன்கோட் கூறல் என்பனவும் அவ்வரிசையில் உள்ளன. ஓரிடத்துக் கூறியதனை மற்றோரிடத்துப் பொருத்துதல், ஒப்புமையால் துணிதல், காரணத்தால் துணிதல், பிறர் கொள்கையை எடுத்துரைத்தல் ஆகிய நான்கும் வெவ்வேறு தொழில்கள் என்பதனை மரபு தெளிவுற உணர்ந்திருந்தது என்பது இதனாற் போதரும். மென்பொருளின் அடைப்புக்குறியோ இந்நான்கனையும் ஒரே கோடாக வரைகிறது. இஃதே அதன் முதற் குறைபாடு.

பதிப்பாசிரியர் நெறியும் ஈண்டு நினைக்கத்தகும். நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் தாம் காட்டும் மேற்கோள்கள் எந்நூலின என்பதனைப் பெரும்பாலும் கூறாது செல்வர். சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், அவ்வடிகளின் பிறப்பிடம் தேடிச் சங்கநூல் ஏடுகளுட் புகுந்தார். பதிப்பித்த நூல்களுக்கு அவர் அமைத்த மேற்கோள் விளக்கங்களும் அரும்பத அகராதிகளும் அத்தேட்டத்தின் விளைவுகளே. 1937-இல் வெளிவந்த அவர்தம் குறுந்தொகைப் பதிப்பில் செய்யுட்களுக்கு 'ஒப்புமைப் பகுதி' என்றோர் உறுப்பே தனியாக அமைந்துள்ளது. அப்பெயரைக் கருதுக. அஃது இணைப்புக்கு இடப்பட்ட பெயர் மட்டுமன்று. இணைப்பின் எல்லையும் அதுவே. இரண்டு அடிகள் ஒத்துள்ளன என்பதற்கு மேல் ஒன்றும் அப்பகுதி கூறாது. ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது என்றோ, இரண்டும் ஒரு காலத்தன என்றோ துணிதல் படிப்பார் கடனாக விடப்படுகிறது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939-இல் பின்னிணைப்பும் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவ்வழிப்பட்டதே. ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து, பொருள்தோறும் ஆட்சியிடம் காட்டும் அதன் முறை, வடிவால் ஒன்றாய சொற்களையும் வேறு பிரித்து வைத்தது. மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்', உரைகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டிப் பொருத்தியதனால் அழிந்த நூல்களின் சுவடுகளை நம் கண்முன் நிறுத்தியது. குறிப்பிணைப்பின் ஆக்கத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மிகையிணைப்பின் தீங்கு

ஆக்கம் உண்டாயின் கேடும் உண்டு. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், மாட்டு என்னும் உறுப்பைத் துணையாகக் கொண்டு, பாட்டின் முன்னுள்ள அடியைப் பின்னும், பின்னுள்ளதனை முன்னும் கொணர்ந்து பல இடங்களிற் பொருள் கூட்டினார். 1903-இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை வரைந்த மறைமலையடிகள் அம்முறையை ஏற்றிலர். பாட்டு நிற்கும் முறையே பொருள் செல்லும் முறை என்று கொண்டு, அடிகளைக் கிடந்தவாறே வைத்துப் பொருள்கண்டார். இரு பெரும் புலவர்க்கிடையே ஆறு நூற்றாண்டு கடந்து நிகழ்ந்த இக்கருத்து மாறுபாடு, இணைப்பின் எல்லை பற்றியதே ஆகும். எதனையும் எதனோடும் பொருத்தலாம் என்னும் உரிமை கிடைத்த அளவிலே, பொருத்தப்பட்ட பொருளின் தன்னியல்பு சிதைந்துபோதல் கூடும். வலைப்படத்தில் கோடுகள் பெருகுதலைக் கண்டு மகிழும் இளையோர் நச்சினார்க்கினியரின் நுண்ணறிவைப் பெறாமலே அவர்தம் மிகையை மட்டும் பெற்றுவிடுவரோ என்னும் அச்சம் இயல்பாகவே எழுகின்றது.

ஒற்றியூர்ச் சான்றுகள் இரண்டு

இக்கொள்கையை ஓரூரின் சான்றுகளைக் கொண்டு சோதித்தல் நலம். வடசென்னையின் விம்கோ நகர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையாற் பெயர்பெற்றது. 2021-இல் மெட்ரோ இருப்புப்பாதையும் அப்பெயரைத் தாங்கிய நிலையத்தை எய்திற்று. அந்நகர் அமைந்த நிலப்பகுதியோ பழைய திருவொற்றியூர். மூவர் பாடல் பெற்ற கோயிலும், அதன் சுவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளும், வடமொழி இலக்கணம் விரித்துரைத்தற்கென அமைந்த வியாகரணதான மண்டபம் பற்றிய செய்தியும் உடையது அவ்வூர். அங்கு வாழும் மாணவர் ஒருவர் தம் ஊரைப் பற்றிய குறிப்புகளை மென்பொருளிற் சேர்க்கத் தொடங்குகிறார் எனக் கொள்வோம்.

முதற் சான்று பட்டினத்தார். பதினொராந் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் இயற்றியனவாக ஐந்து நூல்கள் உள. அவற்றுள் ஒன்று திருவொற்றியூர் ஒருபா ஒருபது. நிலையாமையும் உடலின் இழிவும் பேசி, மக்கள் நாவில் வழங்கும் எளிய பாடல்களைப் பாடிய பட்டினத்தாரும் உளர். அவர் அடங்கிய இடமாக ஒற்றியூர்க் கடற்கரையிலுள்ள கோயில் போற்றப்படுகிறது. பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று. மென்பொருள் இக்குறிப்புகள் அனைத்தையும் ஒரே புள்ளியிற் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆயின் மும்மணிக்கோவை, நான்மணிமாலை முதலிய வகைகளில் செறிந்த நடையிற் பாடிய திருமுறையாசிரியரும், பேச்சுவழக்கை ஒட்டிய நடையிற் பாடிய பிற்காலத்தவரும் வேறாவர் என்பது அறிஞர் பலரின் துணிபு. மொழிநடையும், யாப்பும், பெண்மையை நோக்கும் நோக்கும் இருவரிடத்தும் வேறுபடுகின்றன. முன்னவர் பாடிய ஊர் என்பதே பின்னவர் வரலாற்றை அவ்வூரோடு பிணித்தற்கு ஒரு காரணமாயிருத்தலும் கூடும். அங்ஙனமாயின், நம் மாணவரின் மென்பொருள் செய்யும் பிழையை மக்கள் வழக்கு முன்னரே செய்துவிட்டது எனல் வேண்டும். ஆராய்ச்சியாளன் கடன் அப்பிணிப்பை மீண்டும் முடிதலன்று, அவிழ்த்துக் காட்டலே.

இரண்டாம் சான்று இதற்கு நேர்மாறானது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டைச் சார்ந்த ஒற்றியூர் வடமொழிக் கல்வெட்டொன்று, சதுரானன பண்டிதர் என்னும் மடத்துத் தலைவரைப் பற்றிக் கூறுகிறது. அவர் கேரள நாட்டில் வல்லபன் என்னும் பெயரோடு பிறந்தவர். சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நண்பரானவர். 949-இல் தக்கோலப் போரில் அவ்விளவரசன் மாண்டபொழுது உடன் மாயும் பேறு தமக்கு வாய்க்காமைக்கு வருந்தித் துறவு பூண்டவர். தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரின் கல்வெட்டோ, 943-இல் இராசாதித்தனின் படைத்தலைவனாகிய வெள்ளங்குமரன் என்னும் மலையாள நாட்டினன் அங்குக் கற்கோயில் எடுப்பித்தமையைக் கூறுகிறது. இவ்விருவரும் ஒருவரே எனக் கருதும் ஆய்வாளர் உளர். பெயர் வேறு, ஊர் வேறு, மொழியும் வேறு. இவற்றை எந்த அடைப்புக்குறியும் தானாக இணைக்கமாட்டாது. இராசாதித்தன், கேரளம், காலம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் உள்ளத்திற் கொண்ட அறிஞனே அவற்றை அருகருகே வைத்துக் காண்பான். அவ்வாறு கண்ட பின்னரும், அவன் பெற்றது ஒரு கருதுகோளேயன்றி முடிவன்று. இராசாதித்தனிடம் கேரள வீரர் பலர் பணிபுரிந்திருத்தல் இயல்பாதலின்.

ஒன்றெனத் தோன்றி வேறாவதும், வேறெனத் தோன்றி ஒன்றாகக் கூடுவதும் ஆகிய இவ்விரண்டும் ஓரூரின் எல்லைக்குள்ளேயே கிடைத்தல் நோக்கத்தக்கது. மென்பொருள் முன்னதனைத் தவறாக இணைக்கும். பின்னதனை இணையாது விடும்.

புணர்ச்சியால் எழும் இடர்

தமிழுக்கே உரியதோர் இடரும் உண்டு. 'ஒற்றியூர்' என்று தேடும் மாணவர்க்குத் 'திருவொற்றியூர்' அகப்படாது. உடம்படுமெய் பெற்றபொழுது ஒகரம் வொகரமாக எழுதப்படுதலின். 'கல்' என்று தேடுவார்க்குக் 'கற்கோயில்' அகப்படாது. 'ஆதிபுரி' என்னும் வேற்றுப்பெயரும் அகப்படாது. இவ்வகை மென்பொருள்களில் ஒரு குறிப்புக்குப் பல பெயர்கள் கொடுக்கும் வசதி உள்ளது. அதனைப் பயன்படுத்திப் புணர்ந்த வடிவங்களையும் மாற்றுப்பெயர்களையும் தொடக்கத்திலேயே பதிந்து வைத்தல் இன்றியமையாதது. எழுத்ததிகாரப் பயிற்சி இல்லாதார்க்கு இத்தேடற்கருவி அரைக்கருவியே ஆகும் என்பது மிகையன்று.

செயற்குரியன

மேற்கூறியவற்றால் மென்பொருளை விலக்குக என்பது எம் கருத்தன்று. ஏட்டிலும் சீட்டிலும் எழுதிய காலத்தும் தவறான பொருத்தங்கள் நிகழ்ந்தே வந்துள்ளன. வேண்டுவது இணைப்பைப் பெயரிட்டு ஆள்தலே. ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் அஃது இன்ன வகையது என்று ஒரு சொல் எழுதி வைத்தல் வேண்டும். அதற்குரிய சொற்களைப் புறத்தே சென்று தேடவேண்டுவதில்லை. சொல்லும் பொருளும் ஒத்தனவாயின் 'ஒப்பு' என்றும், சான்று காட்டித் துணிந்ததாயின் 'ஏது' என்றும், பிறர் கூறியதாயின் 'பிறன்கோள்' என்றும், ஓரிடத்துச் செய்தியை மற்றோரிடத்தில் நோக்குக எனச் சுட்டிய அளவாயின் 'மாட்டு' என்றும் எழுதலாம். இவற்றோடு, துணியப்படாதவற்றிற்கு 'ஐயம்' என்னும் ஒன்றையும் யாம் சேர்ப்போம். இம்முறையில், திருமுறைப் பட்டினத்தாரும் பாடற் பட்டினத்தாரும் தனித்தனிக் குறிப்புகளாகி, இடையே 'ஐயம்' நிற்கும். வல்லபனும் வெள்ளங்குமரனும் 'பிறன்கோள்' என்னும் கயிற்றாற் பிணிக்கப்படுவர்.

இங்ஙனம் எழுதுதல் காலத்தை வீணாக்கும் என்பாரும் உளர். ஒவ்வொரு இணைப்புக்கும் சிறிது நேரம் கூடுதலாகச் செல்லும் என்பது உண்மையே. ஆயினும் அச்சிறு தடையே அதன் பயன். ஒரு சொல்லைத் தேர்ந்தெழுதும் பொருட்டு மாணவர் இரண்டு குறிப்புகளையும் மீண்டும் படிப்பர். லூமான் எண்ணெழுதுமுன் சீட்டுகளைப் படித்தமையும், ஐயர் ஒப்புமை காட்டுமுன் ஏடுகளைப் படித்தமையும் அதுவே. எந்த வகையும் பொருந்தாத இணைப்பு தானாகவே கழிந்துபோம். வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டின் முடிவொன்றனுக்குச் சான்று வினவப்படும்பொழுது, 'இரண்டும் இணைந்திருந்தன' என்பது விடையாகாது. எவ்வாறு இணைந்தன என்பதனை வினவும் முன்னரே தமக்குத் தாம் விடையிறுத்துக்கொண்ட மாணவர்க்கே அக்கேள்வி எளிதாகும்.

குறிப்புகள் பெருகுதலால் மட்டும் ஆராய்ச்சி பெருகிவிடாது. பிரித்தற்குரியவற்றைப் பிரித்தும், கூட்டற்குரியவற்றைக் காரணங் காட்டிக் கூட்டியும் செல்லும் நெறியைத் தமிழ்த்துறைகள் முதலாண்டு ஆய்வுநெறிப் பாடத்திலேயே உத்திகளோடு சேர்த்துக் கற்பித்தல் தகும். கருவி புதியதாயினும், அதனை ஆளும் இலக்கணம் நம்மிடத்துப் பழைமையாகவே உளது.