ரிக்யூவின் தேநீரும் வாரிசுகளின் முத்திரையும்

கியோத்தோவை அடுத்த யாமசாகியில், 'தையான்' என்ற சின்னஞ்சிறு தேநீர் அறை இன்றும் நிற்கிறது. இரண்டு தாதாமிப் பாய் விரிக்கும் தரை, நாற்பது சதுர அடிகூட வராது. தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) அமைத்ததாகச் சொல்லப்படும் அறைகளில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. தலை தாழ்த்தி, முழங்காலால் நகர்ந்துதான் உள்ளே போக முடியும். சாமுராய் ஆனாலும் வாளை வெளியே வைத்துவிட்டே வரவேண்டும் என்பது இத்தகைய அறைகளின் வழக்கம். ஊரெல்லாம் போர் நடந்துகொண்டிருந்த நூற்றாண்டில் இப்படி ஓர் இடத்தை உருவாக்கியதே பெரிய காரியம்.

ஜப்பானியர் 'சானோயு' என்றும் 'சாதோ' என்றும் சொல்லும் இந்தக் கலையில் சடங்குதான் மிகுதி, தேநீர் குறைவு என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுமையான விருந்து ஒன்று ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடக்கும். அடுப்பில் கரி அடுக்குவது, எளிய உணவு, இனிப்பு, தோட்டத்தில் சிறிது ஓய்வு, பிறகு ஒரே கிண்ணத்தில் எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் கெட்டித் தேநீர், கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் இளந்தேநீர். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை விருந்தினர் முன்னால் மறுபடியும் துடைப்பதற்குக்கூட முறை உண்டு. கை அடுத்து எங்கே போகும் என்பது தீர்மானமாகிவிட்டதால் கண்ணும் மனமும் விடுதலை பெறுகின்றன. கெண்டியில் நீர் கொதிக்கும் ஓசையையும் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள சிறு மேட்டையும் அப்போதுதான் ஒருவர் உண்மையில் கவனிக்கிறார்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. முன்பு பிரபுக்களின் மாளிகைகளில் ஏவலர்கள் வேறிடத்தில் தேநீர் கலந்து எடுத்துவந்து கொடுப்பார்கள். கூடத்தில் சீனப் பாத்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும். முராத்தா ஜுகோ, தாக்கேனோ ஜோஓ, ரிக்யூ என்ற வரிசை அந்த முறையைத் தலைகீழாக்கியது. விருந்தளிப்பவரே விருந்தினர் எதிரில் அமர்ந்து தம் கையால் கலக்கிறார். அன்றைய பருவத்துக்கும் வந்தவருக்கும் ஏற்ப எந்தச் சுருள் ஓவியத்தைத் தொங்கவிடுவது, எந்தப் பூவை வைப்பது, எந்தக் கிண்ணத்தை எடுப்பது என்று முடிவெடுப்பவரும் அவரே. இந்தக் கலையின் உயிர் அந்தத் தேர்வில் இருக்கிறது என்பேன்.

ஆனால் இந்த எளிமை தொடக்கத்திலிருந்தே அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது. போர்த்தலைவர் ஓடா நொபுநாகா புகழ்பெற்ற தேநீர்ப் பாத்திரங்களைத் திரட்டினார். தளபதிகளுக்கு அவற்றைப் பரிசாக வழங்கினார். அவருக்குப் பின் வந்த டொயோடோமி ஹிதேயோஷி பொன்னால் தேநீர் அறை செய்து, 1586-இல் அரண்மனைக்குக் கொண்டுபோய்ப் பேரரசருக்குத் தேநீர் அளித்தார். பொன் அறையை ஹிதேயோஷியின் ஆடம்பரமாகவும் தையானை ரிக்யூவின் தூய்மையாகவும் பிரித்து எழுதுவது வழக்கம். அந்தப் பிரிவினை எனக்கு வசதியானதாகப் படுகிறதே தவிர, நியாயமானதாகப் படவில்லை. ரிக்யூ அவருடைய தேநீர் ஆசான், செல்வாக்குள்ள ஆலோசகரும்கூட. கடைசியில் 1591-இல் அதே ஹிதேயோஷியின் ஆணைப்படி வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். அறைக்குள் நிலவிய சமத்துவம் வாசலைத் தாண்டி ஓர் அடிகூட வரவில்லை.

அடுத்த ஆண்டே ஹிதேயோஷியின் படைகள் கொரியாவுக்குள் புகுந்தன. 1598 வரை நீண்ட அந்தப் போரில் கொரியக் குயவர்கள் பலர் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராத்சு என்று தேநீர்க்காரர்கள் கிண்ணங்களை வரிசைப்படுத்துவார்கள். ஹாகிச் சூளையைத் தொடங்கியவர்களே கொரியக் குயவர்கள்தாம். கராத்சுவின் வளர்ச்சியிலும் அவர்கள் பங்கு பெரிது. கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சுற்றிப் பார்த்து, செய்தவர் யார், எந்தச் சூளை என்று கேட்பது விருந்தினரின் கடமைகளில் ஒன்று. அந்தக் கேள்வி இந்த வரலாறு வரைக்கும் நீளவேண்டும்.

கியோத்தோவின் தைத்தோகுஜி வளாகத்தில் உள்ள கோஹோ-ஆன் கோயிலில் இருக்கும் கிசாயெமோன் கிண்ணமும் கொரியாவில் செய்ததுதான். இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம். பெயர் தெரியாத ஒரு குயவர் ஏழைகளின் அன்றாடப் புழக்கத்துக்காக வனைந்தது அது என்று கருதிய கலைச் சிந்தனையாளர் யனாகி சோஎட்சு, அந்த எளிமையைக் கண்டு வியந்தார். தேநீர் உலகம் பெயருக்கும் விலைக்கும் அடிமையாகிவிட்டதைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்தார். மலிவான பொருளில் அழகைக் கண்டவர்கள் பழைய ஆசான்கள். பின்வந்தவர்கள் அவர்கள் கண்டெடுத்த பொருளையே விலை உயர்ந்ததாக்கிவிட்டார்கள் என்ற அவரது வாதத்தை இன்னும் யாரும் முறியடித்ததாகத் தோன்றவில்லை.

எனினும் பெரிய குறை பாத்திரங்களில் இல்லை, 'இயெமோத்தோ' என்ற குலத்தலைமை முறையில் இருக்கிறது. ரிக்யூவின் கொள்ளுப் பேரர்கள் மூவர் வழியாக ஒமோத்தேசென்கே, ஊராசென்கே, முஷாகோஜிசென்கே என்ற மூன்று இல்லங்கள் வந்தன. தலைமை அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே, ஆண்கள் வழியாகவே தொடர்கிறது. மாணவர் எந்த ஊரில் எந்த ஆசிரியரிடம் படித்தாலும், ஒவ்வொரு படிக்கும் அனுமதிச் சான்று தலைமை இல்லத்தின் பெயரில்தான் வரும். அதற்குக் கட்டணமும் உண்டு. எத்தனை ஆண்டு கற்பித்தாலும் ஆசிரியருக்குத் தம் பெயரில் சான்று வழங்கும் உரிமை கிடையாது. ரிக்யூ காலத்தில் நிலைமை இப்படியில்லை. அவருடைய சீடர் ஃபுருத்தா ஒரிபே ஆசானின் அடக்கமான கருங்கிண்ணத்தை நகலெடுக்காமல், கோணலும் நெளிவுமான கிண்ணங்களைக் கொண்டாடித் தனிவழி கண்டார். ஆசானின் தேர்வு முறையை உள்வாங்கியவர் செய்யக்கூடியது அதுதான்.

இந்த இல்லங்கள் கலையை அழியாமல் காத்தன என்பது மெய். 1868-இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் பிரபுக்களின் ஆதரவு போனபோது அவை மாற்றத்துக்கும் தயங்கவில்லை. வெளிநாட்டினருக்காக மேசை நாற்காலியில் அமர்ந்து தேநீர் கலக்கும் முறையை ஊராசென்கேயின் தலைவரே 1872-இல் கியோத்தோ பொருட்காட்சியையொட்டி உருவாக்கினார். பெண்கள் பள்ளிகளிலும் தேநீர் பாடமாக நுழைந்தது. அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உலகமாக இருந்த கலையை இன்று கற்பவர்களிலும் கற்பிப்பவர்களிலும் பெண்களே அதிகம். அமரும் முறையையே மாற்றத் துணிந்தவர்களுக்கு, அந்த ஆசிரியைகளின் கையில் முழு உரிமையைக் கொடுப்பது மட்டும் மரபுக்கு விரோதமாகிவிடாது. தம் மாணவருக்குத் தாமே சான்று தரவும், ஒரிபேயைப் போலத் தம் வழியில் பிரியவும் அவர்களுக்கு உரிமை வேண்டும்.