கழற்றுவது சுலபம்: ஸ்வே பார் டிஸ்கனெக்ட் பற்றிச் சில ஆட்சேபங்கள்

ஜீப் ராங்லரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு படம் போட்டுவிடுகிறார்கள். இடம் யூட்டா மாநிலத்தின் மோவாப் செம்பாறையாக இருக்கும், இல்லாவிட்டால் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை. முன்பக்கத்தில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி ஃபெண்டருக்குள் புதைந்திருக்கும். மறுபக்கச் சக்கரம் இறங்கிப் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் வண்டியின் உடல் எதுவுமே நடக்காத மாதிரி ஏறக்குறைய மட்டமாக நிற்கும். ஸ்வே பாரைக் கழற்றிவிட்டதால்தான் இது முடிந்தது என்று கீழே ஒரு வரி.

படத்தில் பொய் இல்லை. ஆனால் அது காலை பதினொரு மணிப் படம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, சேறு அப்பிய அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டுவதற்காக ஒருத்தர் வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கும் படத்தை யாரும் பெருமையாகப் போடுவதில்லை. டிஸ்கனெக்ட் பற்றி வரும் எழுத்தும் வீடியோவும் முதல் படத்தை வைத்தே அதற்கு மார்க் போடுகின்றன. இரண்டாவது படத்தை வைத்துத்தான் போடணும் என்பது என் வாதம்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வே பார் என்பது ‘ப’ வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். அதன் நடுப்பகுதி வண்டியின் சேஸிஸில் ரப்பர் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு கைகளும் ஆளுக்கொரு லிங்க் வழியாக அச்சின் இரு முனைகளோடு சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா புஷ்ஷுக்குள் திரும்பும், எதிர்ப்பு காட்டாது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். வளைவில் உடல் அதிகம் சாயாமல் பிடிப்பது அந்த முறுக்குதான். விறைப்பு கம்பியின் விட்டத்தோடு நான்காம் படியில் ஏறும். 10 சதவீதம் தடிமனாக்கினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். ரோட்டில் நம்மைக் காப்பாற்றும் இந்தக் குணமே பாறைமேல் தொந்தரவு. ஏறிய சக்கரம் மற்றதையும் மேலே இழுக்கப் பார்க்கும். டிஸ்கனெக்ட் என்பது பழைய லிங்குக்குப் பதிலாகப் போடும், ஒரு பின்னை உருவினால் கழன்றுவரும் லிங்க். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இதில் உண்மையான லாபம் எங்கே? தொங்கும் சக்கரம் தரையைத் தொடுகிறதா என்பது படத்துக்கான கேள்வி. எவ்வளவு கனத்தோடு தொடுகிறது என்பது பிடிமானத்துக்கான கேள்வி. சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே முறுக்குவிசையைத்தான் தரும். கனமில்லாத சக்கரம் சும்மா சுழன்றால், மறுபக்கம் கெட்டியாக நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். ஆகவே லாக்கர் இல்லாத வண்டிக்கு டிஸ்கனெக்ட் பெரிய உதவி. வேடிக்கை என்னன்னா, 2007-இல் ஜேகே தலைமுறை ராங்லர் வந்தபோது, பட்டனை அழுத்தினால் விடுபடும் முன் ஸ்வே பாரைக் கம்பெனி ரூபிகான் மாடலுக்குக் கொடுத்தது. இரண்டு அச்சிலும் லாக்கர் இருக்கும் மாடல் அது! அதிகம் தேவைப்பட்ட விலை குறைந்த மாடல்காரர் தனியாக லிங்க் வாங்கி, தானே மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. லாக்கர் இருந்தால் டிஸ்கனெக்ட் வீண் என்று சொல்ல வரவில்லை. கல்லுக்குக் கல் தலை இடதும் வலதுமாக ஆடுவது குறையும், அதுவே நாள் முழுக்க ஓட்டுபவருக்குப் பெரிய விஷயம்.

அளவுகோலிலும் இதே கோளாறு. இந்த உலகத்தில் புழங்கும் அளவுகோல் ராம்ப் டிராவல் இன்டெக்ஸ். பொதுவாக 20 டிகிரி சரிவுள்ள ஒரு மேடைமேல் ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார்கள். இன்னொரு சக்கரம் தரையைவிட்டு எழும்பப் போகிற இடத்தில் நிறுத்தி, ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். 93.4 அங்குல வீல்பேஸ் உள்ள டிஜே ராங்லர் 60 அங்குலம் ஏறினால் 642. நாலு கதவு ஜேகேயின் வீல்பேஸ் 116 அங்குலம், அதே 60 அங்குலம் ஏறினால் அதற்கு 517. அசையாத வண்டி, வழுக்காத மேடை, சமதரை. இதில் தெரிவது சஸ்பென்ஷன் எவ்வளவு நீளும் என்பது மட்டும். கடைசி அங்குலத்தில் அந்தத் தொங்கும் சக்கரத்தின்மேல் கனமே கிடையாது, ஆனால் முழு மார்க் கிடைப்பது அப்போதுதான்.

இன்னொரு விஷயமும் படத்தில் தெரியாது. பெரும்பாலானவர்கள் கழற்றுவது முன்பக்க பாரை மட்டும். கரடுமுரடான இடத்தில் முன் அச்சு ஒரு பக்கமும் பின் அச்சு எதிர்ப்பக்கமும் சாய்ந்தால், உடல் எந்தக் கோணத்தில் நிற்கும்? எந்தப் பக்கம் விறைப்பு அதிகமோ அந்தப் பக்கத்து அச்சைப் பார்த்துச் சாயும். கணக்குக்காக, முன் அச்சு 10 டிகிரி வலப்பக்கம், பின் அச்சு 10 டிகிரி இடப்பக்கம் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்க. விறைப்பு இரண்டு பக்கமும் சமம் என்றால் உடல் மட்டமாக நிற்கும். முன்பக்கத்தை அவிழ்த்துவிட்டு, பின்பக்கம் மூன்று மடங்கு விறைப்பாக இருந்தால், உடல் பின் அச்சோடு சேர்ந்து 5 டிகிரி இடப்பக்கம் சாயும். முன்சக்கரம் பாறைமேல் நிற்கும் படத்தில் உடல் மட்டமாகத் தெரிவதற்குக் காரணம், பின் அச்சு அப்போது சமதரையில் இருப்பதுதான். இன்னும் பத்தடி போய்ப் பின்சக்கரம் அதே பாறைமேல் ஏறும்போது ஒரு படம் எடுத்தால் தெரியும். சரிவின் குறுக்கே போகும்போதும் அப்படித்தான், கழற்றிய வண்டி கூடுதலாகவே சாயும். ஸ்வே பார் ரோட்டுக்கு மட்டும், மற்ற இடத்தில் அது எதிரி என்கிற பேச்சு பாதி உண்மை.

சரி, மாட்டும் விதத்துக்கு வருவோம். இதைச் சொல்லித்தரும் வீடியோக்களின் கவனமெல்லாம் பழைய லிங்கைக் கழற்றுவதில். அதில் தவறில்லை, வேலையில் சிரமமான பகுதி அதுதான். டிஜேயில் கீழ் போல்ட்டுக்கு டி-55 டார்க்ஸ் பிட் வேணும். மேல்முனையில் கூம்பு வடிவ ஸ்டட் இருக்கும், நட்டை எடுத்த பிறகும் கையோடு வராது, புல்லர் போட்டு விடுவிக்கணும். வருஷக்கணக்கில் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் அடித்து ஊறவிடுவது நல்லது. புது லிங்கை மாட்டி, பின்னைச் செருகி, கேமராவைப் பார்த்துச் சிரித்தால் வீடியோ முடிந்தது.

ஆனால் பின்விளைவுகள் எல்லாம் அதற்கப்புறம்தான் இருக்கின்றன. முதலில் லிங்கின் நீளம். வண்டி சமதரையில் தன் கனத்தில் நிற்கும்போது பாரின் கைகள் ஏறத்தாழ தரைக்கு இணையாக இருக்கணும். உயர்த்திய வண்டிக்குப் பழைய நீளமே போட்டால், பார் மாட்டியிருக்கும் நிலையில் அச்சு முழுக்கத் தொங்கும்போது கை எல்லை தாண்டி எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டாவது, கழற்றிய கம்பியை எங்கே வைப்பது? சும்மா விட்டால் கைகள் டயர்மேலும் ஸ்டீரிங் கம்பிமேலும் விழும். மேலே தூக்கிச் சேஸிஸோடு கட்டணும், அதற்கென்று கொக்கியோ ஸ்டாண்டோ இல்லாத கிட் எனக்குப் பாதி கிட்தான். ஒரு பக்கம் கழற்றினால் போதும் என்ற யோசனையையும் சிலர் சொல்கிறார்கள். கம்பி முறுக்காது என்ற அளவில் சரி. ஆனால் விட்ட பக்கத்துக் கை, மறுபக்கச் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அடித்துக்கொண்டே வரும், பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கிறது.

பிரேக் ஹோஸ் என்றதும் மூன்றாவது. பார் இருக்கும்வரை அச்சு ஒரு பக்கம் தொங்குவதை அதுவும் கொஞ்சம் பிடித்திருக்கும். அது போனபின் எல்லை ஷாக் அப்சார்பரின் நீளம்தான். நீள ஷாக் போட்டுவிட்டு ஹோஸை மாற்றாதவருக்கு எல்லை ஹோஸ். மண்ணில் இறங்குவதற்கு முன்னால், ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுபடுகிறதா, காயில் ஸ்பிரிங் இடத்தைவிட்டு நகர்கிறதா என்று கண்ணால் பார்க்கணும். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்தும் பார்க்கணும். பதினைந்து நிமிட வேலை.

இனி அந்த ஐந்து மணிக்கு. பின் கையோடு நுழைய வேண்டுமென்றால் வண்டி ஏறக்குறைய சமதரையில் நிற்கணும். காட்டுப்பாதை முடிகிற இடமெல்லாம் சமதரையாக இருப்பதில்லை. ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் ஒரு விரல்கடை தள்ளி நிற்கும். ஒருத்தர் பம்பர்மேல் ஏறிக் குதிக்க, இன்னொருத்தர் கீழே கையை வைத்துக்கொண்டு ஓட்டை நேராகும் நொடிக்குக் காத்திருப்பார். துளைக்குள் சேறு, கிளிப்பில் மணல். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், டயருக்குக் காற்று வேறு ஏற்றணும். பெட்ரோல் பங்க் பக்கம்தானே, அங்கே போய் மாட்டிக்கலாம் என்று தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அப்படி ஓட்டினால் என்ன ஆகும்? நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது, ஆபத்தே அதுதான். திடீரென்று ஒதுங்க வேண்டி வரும்போது உடல் கூடுதலாகச் சாயும், சாய்ந்து முடிக்க நேரமும் எடுக்கும். முன்பக்கத்தின் சாய்வு விறைப்பு போய்விட்டதால், வளைவில் பக்கவாட்டில் மாறும் கனத்தின் பெரும்பங்கைப் பின் அச்சு சுமக்கும். பின்பக்கப் பிடி முதலில் விட்டுப்போகும் பக்கமாக வண்டியின் சுபாவமே மாறுகிறது. காலையில் இருந்த வண்டி அது இல்லை. உயரமான, வீல்பேஸ் குட்டையான வண்டியில் இந்த மாற்றம் சின்ன விஷயம் கிடையாது. கிட் விற்பவர்கள் ரோட்டில் கழற்றி ஓட்டாதீர்கள் என்று அச்சடித்துத் தருகிறார்கள், சரி. மறந்தால் ஞாபகப்படுத்த என்ன தருகிறார்கள்? விமானங்களில் தரையில் செருகும் பின்களுக்குச் சிவப்பு நாடா கட்டுவார்கள். உருவிய பின்னோடு வரும் அப்படி ஒரு நாடாவை ஸ்டீரிங்கில் மாட்டிக்கொள்ளும்படி கிட்டில் போட்டால் எவ்வளவு செலவாகிவிடும்?

இந்தக் கோணத்தில் பார்த்தால் ரூபிகானின் பட்டன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஜேகேயில் அது நாலு சக்கர டிரைவில் மட்டும் வேலை செய்யும். வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் பாரைத் தானே திரும்பச் சேர்க்கப் பார்க்கும், 22-க்குக் கீழே வந்தால் மறுபடி விடுவிக்கும். மனுஷன் மறப்பான் என்பதை வடிவமைப்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட பாகம். 2005 டாட்ஜ் ராம் பவர் வேகனிலும் பட்டனில் விடுபடும் முன் பார் இருந்தது. குறை இல்லாமல் இல்லை. பாரின் இரண்டு பாதிகளும் நேராக வந்தால்தான் சேரும், அதுவரை டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து மக்கர் செய்வது ரூபிகான் வைத்திருப்பவர்களுக்குப் பழகின கதை. அதை எடுத்துவிட்டுக் கையால் இயக்கும் மாற்று போடுபவர்களும் இருக்கிறார்கள். 2021 ஃபோர்டு பிராங்கோ இதில் ஒரு படி முன்னே போனது. அதன் ஹைட்ராலிக் அமைப்பு, கம்பி முறுக்கிக்கொண்டிருக்கும் நிலையிலும் விடுவிக்கும். பாறைமேல் ஏறி மாட்டிக்கொண்ட பிறகுதான் கழற்றணும் என்று தோன்றும், அப்போதும் உதவுவது நியாயமான டிசைன்.

யோசனை அழகு என்று பார்த்தால் டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ்தான். ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனத்தில் பிறந்தது, லேண்ட் குரூசர் 200-இல் பலர் பார்த்திருப்பார்கள். முன் பார், பின் பார் இரண்டிலும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், நடுவே குழாய். வளைவில் இரண்டு பாரும் ஒரே பக்கம் முறுக்கப் பார்க்கும், எண்ணெய்க்குப் போக இடமில்லை, பார் விறைப்பாக நிற்கும். குண்டுகுழியில் முன்னும் பின்னும் எதிரெதிராக முறுக்கும்போது எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓடிவிடும், இரண்டு பாரும் இளகிவிடும். பட்டனும் இல்லை, பின்னும் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் வைத்து ரிப்பேர் பார்க்கிற சரக்கு இல்லை இது.

வாசலில் வைத்தே முடிக்க நினைக்கும் பழைய ராங்லர்காரருக்கு நான் சொல்லக்கூடியது, கலிஃபோர்னியாவின் கரி எண்டர்பிரைசஸ் அறிமுகப்படுத்திய ஆன்டிராக். பேரைப் பார்த்தால் கழற்றும் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் இதைக் கழற்றவே தேவையில்லை. நேரான முறுக்குக் கம்பி, இரு முனையிலும் தனிக் கைகள், கைகளில் வரிசையாகத் துளைகள். லிங்கை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப விறைப்பு கூடும், குறையும். கம்பெனி பாரைவிட மென்மையானது, அதனால் பாறைமேல் போதுமான அளவு விட்டுக்கொடுக்கும். அதே சமயம் முன் அச்சைச் சும்மா இருக்க விடாமல் உடலைத் தாங்கும் வேலையில் கொஞ்சம் பங்கெடுக்க வைக்கும். மேலே போட்ட 5 டிகிரி கணக்கு குறைவது இதனால்தான். ராம்ப் மேல் முழுக்கக் கழற்றிய வண்டி இதைவிடக் கூடுதல் மார்க் வாங்கலாம், வாங்கட்டும். ரோட்டில் பழைய பாரைவிட உடல் அதிகம் சாயும் என்பதை ஒத்துக்கொள்ளணும். கூரைமேல் சாமான் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பழைய பாரும் பின் லிங்கும்தான், கூடவே ஸ்டீரிங்கில் கட்ட ஒரு சிவப்பு நாடா.