மண்ணை ஊடுருவும் ரேடார்: சில எண்ணங்கள்

2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்க, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் குழிக்குள் வீழ்ந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அத்தேடலில் மண்ணை ஊடுருவும் ரேடார் கருவியும் பயன்பட்டது. இதனைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டச் சாலைகளுக்கும் சரிவுகளுக்கும் கொண்டுவந்தால் ஆபத்தை முன்னரே அறியலாகாதா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே, அதன் அடியில் உள்ள நம்பிக்கைதான் ஆராயத்தக்கது.

'ஊடுருவும்' என்ற பெயரே நம்மை மயக்குகிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவதுபோல இது மண்ணடியைக் காட்டும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இக்கருவி வானொலி அலைகளை நிலத்துள் செலுத்தி, அவை எதிரொலித்து மீளும் நேரத்தை அளக்கிறது, அவ்வளவே. மண்ணும் குழாயும், அல்லது மண்ணும் வெற்றிடமும் சந்திக்கும் எல்லையில் அலை திரும்புகிறது. திரையில் தோன்றுவன வளைகோடுகள். அது குழாயா, பாறையா, பொந்தா என்று கூற வேண்டியவர் பழகிய நிபுணரே. அவரும் ஐயுறுவதுண்டு.

உலர்ந்த மணலில் பல மீட்டர் செல்லும் அலை, ஈரக் களிமண்ணில் ஓரிரு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். அலைவெண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும். ஆனால் சிறு பொருள்கள் புலப்படா. கேமரன் மலையிலோ, கருங்கற்பாறை சிதைந்து உண்டான மண்ணும் ஓயாத மழையும் சேர்ந்துள்ளன. மழை மிகும்போதுதான் சரிவு இளகும். அப்போதுதான் கருவியின் எல்லையும் குறுகும். ஆபத்து பெருகும் வேளையில் அறிவு சுருங்குகிறது என்பதை மறத்தலாகாது.

அதே 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அம்மலையின் புளூ வேலியில் மண் சரிந்து, மியன்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் மாண்டனர். இத்தகைய சரிவுகளுக்கு முன்னறிகுறிகள் பல சமயம் மேலேயே தோன்றும்: நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கி வரும் ஊற்று, அடைபட்ட வடிகால். இவற்றைக் காண்பவர் அன்றாடம் சரிவில் ஏறி இறங்குவோரே.

கருவியை இகழ்வது நம் கருத்தன்று. தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ சாலையைத் தோண்டுமுன் குழாய்களின் இடமறிய அது நன்கு உதவும். ஆயினும் மலைச்சரிவைக் காக்க முதலில் வேண்டியது வேறு. எந்நாட்டவராயினும் ஒரு தொழிலாளி, "அங்கே மண் வெடித்திருக்கிறது" என்று மண்டோரிடம் சொன்னால், அதை அன்றே குறித்துக்கொள்ள ஒரு பதிவேடும், மறுநாள் சென்று பார்க்க ஓர் ஆளும் வேண்டும். கருவியின் முறை அதற்குப் பின்னரே.