ஒரு பேச்சுவழக்கின் தடம்
சேய்ச்சோ மட்சுமோட்டோவின் 'சுனா நோ உட்சுவா' (1961) நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. டோக்கியோ ரயில் யார்டில் ஒரு பிணம். செத்தவர் அன்றிரவு மதுக்கடையில் பேசியது வடகிழக்கு ஜப்பான் வழக்கில். பிறர் காதில் விழுந்த பெயர் 'கமேதா'. துப்பறியும் காவலர் இமானிஷி, அதே வடகிழக்கிலுள்ள அகிதா மாநிலத்துக் கமேதாவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்.

பிறகுதான் தெரிகிறது: அதே சாயலில் பேசும் ஊர்கள், நாட்டின் மறுகோடியில், இசுமோ மலைகளுக்குள் இருக்கின்றன. வரைபடத்தில் அவர் விரல் ஊர்ந்து நிற்கும் பெயர் கமேதகே. கடைசி எழுத்து காதில் தேய்ந்துபோயிருக்கிறது! மணிச்சட்டம் செய்யும் அந்த மலையூரில், ஒரு மணிச்சட்டக்காரர் வாய்திறந்ததும் அதே ஓசை. துப்பாக்கி வேண்டாம், துரத்தல் வேண்டாம். எனக்கு இந்தக் காது போதும்.