குங்குமம் தெரியும் திரை

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் பிழைப்பு. பழைய கணினித் திரையில் குங்குமமாக ஜொலித்த சிவப்பு, அச்சாகி வந்தபோது காய்ந்த மிளகாயாக இருந்தது. குற்றம் மையில் இல்லை. கண் கூசும் வெளிச்சத்தில் திரையை ஓடவிட்டது நான்தான்.

ஆனாலும் திரை பழசுதானே என்று, புதியது வாங்கக் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். அங்கே எல்லாத் திரையும் மணப்பெண் மாதிரி மின்னும், மயங்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஐபிஎஸ் வகையில் நிறம் அவ்வளவாக மாறவில்லை. விஏ வகையில் கருப்பு நல்ல கருப்பு. விளக்கை அணைத்துப் படம் பார்க்க அதுதான் சுகம். ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறது. ஓஎல்இடி இரண்டு ஆசையையும் தீர்க்கும். விலை இருக்கட்டும், ஒரே கருவிப்பட்டை நாள்கணக்கில் அசையாமல் நின்றால் அதன் தழும்பு திரையில் தங்கிவிடலாம். எனக்கு அது ஒத்துவராது.

என்னைக் கவர்ந்தது கூர்மைதான். 27 அங்குலத்தில் 2560 x 1440 என்றால் அங்குலத்துக்கு 109 புள்ளி. அதே அளவில் 1920 x 1080 என்றால் 82தான். அதில் சின்ன எழுத்தில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு இந்த வேதனை அவ்வளவாகப் புரியாது.

ஐபிஎஸ்ஸையே வாங்கினேன். இரவுப் படத்தில் கருப்பு கொஞ்சம் சாம்பல்தான், பரவாயில்லை. நீங்கள் வாங்கப் போனால் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அச்சடித்த பத்திரிகை ஒன்றையும் அதன் கணினிக் கோப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.