முதல் படத்துக்கு ஒன்றரைக் கோடி

2025 ஆகஸ்ட் 3. கேரள அரசு திருவனந்தபுரத்தில் கூட்டிய திரைக் கொள்கை மாநாட்டின் நிறைவு விழா. மேடையில் மூத்த மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் படம் எடுக்க அரசு தரும் ஒன்றரைக் கோடி ரூபாயின் பக்கம் பேச்சு திரும்புகிறது. இவ்வளவு பெரிய தொகையை ஒருவர் கையில் கொடுப்பது ஊழலுக்கு வழி, ஐம்பது லட்சமாக்கி மூன்று பேருக்குக் கொடுக்கலாம், கொடுப்பதற்கு முன் மூன்று மாதமாவது கடுமையான பயிற்சி வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று மறுத்தார். பாடகர் புஷ்பவதி பொய்ப்பாடத்து. கேரள சங்கீத நாடக அகாதமியின் துணைத் தலைவர். அடூர் நிறுத்தவில்லை, பேசி முடித்தார். பண்பாட்டுத் துறை அமைச்சர் சஜி செறியான் திட்டத்தை விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னார்.

அதன்பின் பல நாட்கள் மலையாள ஊடகங்களில் இதே பேச்சுதான். அடூர் சாதிப் பார்வையோடு பேசினாரா, மூத்த கலைஞரின் அக்கறையோடு பேசினாரா? பணம் முதலிலா, பயிற்சி முதலிலா? எனக்கு இந்த வாதம் முழுவதிலும் ஒரு குறை தெரிந்தது. இரண்டு தரப்பும் நுழைவாசலிலேயே நின்று சண்டை போட்டன. உள்ளே போனவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. திட்டத்தின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரம் திருவல்லத்தில் உள்ள சித்ராஞ்சலி ஸ்டுடியோவும் கைரளி, ஸ்ரீ, நிளா போன்ற திரையரங்குகளும் அதன் சொத்து. 2019 வாக்கில் இந்தக் கழகம் மூலமாகப் பெண் இயக்குநர்களுக்கு ஆண்டுக்கு மூன்று கோடி என்று அரசு ஒதுக்கியது. படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி வரை. பின்னால் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அதேபோல் ஒரு பிரிவு சேர்ந்தது. திரைக்கதைகளை வரவழைத்து, குழு ஒன்று படித்துத் தேர்ந்தெடுக்கிறது. கழகமே தயாரிப்பாளர். அப்படி வந்தவைதான் தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, மினி ஐ.ஜி.யின் ‘டிவோர்ஸ்’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’, இந்து லட்சுமியின் ‘நிளா’, சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’. இன்னொரு பிரிவில் அருண் ஜே. மோகனின் ‘சுருள்’, வி.எஸ். சனோஜின் ‘அரிக்’.

பட்டியலில் ஒரு படத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘பி 32 முதல் 44 வரெ’ என்பது உள்ளாடை அளவு. ஆறு பேர், அவரவர் மார்பகத்தோடு அவரவருக்கு உள்ள உறவு, அதுதான் கதை. இந்தத் தலைப்பைச் சொல்லிக்கொண்டு கொச்சியில் எந்தத் தயாரிப்பாளரின் அலுவலகத்துக்குள் நுழைய முடியும்? நுழைந்தாலும் கதை சொல்லி முடிக்கும்வரை எதிரே இருப்பவர் சிரிக்காமல் இருப்பாரா? 2023இல் வெளியான இந்தப் படத்துக்காக ஸ்ருதிக்கு மாநில அரசின் சிறப்பு விருது கிடைத்தது. ‘நிஷித்தோ’ வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவனையும் ஒரு தமிழ்ப் பெண்ணையும் நடுவில் வைக்கிறது. மலையாளியின் வீட்டுக்குப் பின்புறம் வாழ்கிறவர்களின் கேரளம். 2021ஆம் ஆண்டுக்கான மாநில விருதில் இரண்டாவது சிறந்த படம் என்ற இடத்தை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

‘விக்டோரியா’வை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கமாலியில் ஓர் அழகு நிலையம். அங்கே வேலை செய்யும் கத்தோலிக்கப் பெண்ணுக்கு வேற்று மதக் காதலன். வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. ஓடிப்போகலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும் நாளில், தேவாலயத்துக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. புருவம் திருத்த வந்தவர்கள் தங்கள் குடும்பக் கதையைப் பேசிக்கொண்டிருக்க, மூலையில் சேவல். அவ்வளவுதான் படம். பெரிய சம்பவம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. நாயகியாக நடித்த மீனாட்சி ஜெயனுக்கு 2025இல் ஷாங்காய் திரைப்பட விழாவின் ஆசியப் புதுமுகப் பிரிவில் சிறந்த நடிகை விருது. சந்தை தானாகத் தேடிப்போய் இப்படியொரு படத்துக்குப் பணம் போடாது. திட்டத்தின் நியாயத்துக்கு எனக்கு இந்தச் சேவல் ஒன்று போதும்.

இனி அடூருக்கு வருவோம். அவர் சொன்னதில் தள்ளிவிட முடியாத பகுதி உண்டு. அது பொதுமக்கள் பணம், கணக்கு வேண்டும். சினிமா கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்பதும் உண்மை. ஆனால் கற்றுக்கொண்டு வா என்ற நிபந்தனை யாருக்கு மட்டும் போடப்படுகிறது என்பதில்தான் கோணல். நடிகரின் மகன் நடிக்க வரும்போதும், தயாரிப்பாளரின் மருமகன் இயக்க வரும்போதும் மூன்று மாத வகுப்பு முடித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. திரைக்கதையைக் குழு படித்துத் தேர்ந்தெடுத்த பிறகும் பெண்ணிடமும் தலித்திடமும் மட்டும் கேட்கப்படும் சான்றிதழ் அது.

பயிற்சிக் கூடங்களின் கதவு எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கிறதா? கோட்டயம் மாவட்டத்தில் ஒரு திரைக்கல்லூரி இருக்கிறது. நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் பெயர் தாங்கியது. அங்கே சாதிப் பாகுபாடு நடப்பதாகக் குற்றம்சாட்டி மாணவர்கள் 2022 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். மறு மாதம் இயக்குநர் பதவி விலகினார். அப்போது அந்தக் கல்லூரியின் தலைவர் அடூர்தான். இயக்குநரின் பக்கம் நின்ற அவரும் 2023 ஜனவரி இறுதியில் விலகினார். பயிற்சி பெற்று வரட்டும் என்ற வாக்கியத்தை இந்தப் பின்னணியோடு கேட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

அடூரின் முதல் படக் கதையே இதற்கு நல்ல சாட்சி. அவர் புனே திரைக்கல்லூரியில் படித்து வந்தவர். ஆனாலும் அவர் முதலில் கொண்டுபோன ‘காமுகி’ என்ற கதையை மத்திய அரசின் பிலிம் பைனான்ஸ் கார்ப்பரேஷன் ஏற்கவில்லை. அடுத்துக் கொண்டுபோன ‘சுயம்வரம்’ கதைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் கொடுத்தது. படத்தின் மொத்தச் செலவு இரண்டரை லட்சம். எண்களின் குறும்பைப் பாருங்கள்: அன்று ஒன்றரை லட்சம், இன்று ஒன்றரைக் கோடி. அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன், இது அப்படியல்ல என்று அடூர் தரப்பில் சொல்லலாம்; சரிதான். ஆனால் 1972இல் படம் வெளியானபோது கூட்டம் வரவில்லை. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட தேசிய விருதுகள் கிடைத்து, மறுபடி திரையிட்ட பிறகுதான் மக்கள் பார்த்தார்கள், கடனும் அடைந்தது. அதாவது அரசின் பணம் அடூரைப் படம் எடுக்க வைத்தது. மறுவெளியீடுதான் அவரை இயக்குநராக நிலைக்க வைத்தது.

ஐம்பது லட்சம் என்ற யோசனையையும் உணர்ச்சி கலக்காமல் கணக்காகப் பார்க்கலாம். படப்பிடிப்பு என்றால் சில வாரங்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் சாப்பாடு, வண்டி, தங்குமிடம், கேமரா வாடகை, லைட், பேட்டா. முடிந்ததும் எடிட்டிங், ஒலிக்கலவை, தணிக்கை. தொகையை மூன்றில் ஒன்றாக்கினால் கேமரா வாடகை மூன்றில் ஒன்றாகாது. டீசல் விலையும் குறையாது. குறைகிறவை இரண்டே: கூலியும் வசதியும். உதவி இயக்குநருக்குச் சம்பளம் இல்லை, துணை நடிகைக்குப் பேட்டா பாதி, பெண்களுக்குக் கழிப்பறை வண்டி இல்லை. இங்கே ஹேமா கமிட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட அந்தக் கமிட்டி 2019 கடைசி நாளில் கொடுத்து, 2024 ஆகஸ்ட் வரை அரசின் அலமாரியில் கிடந்த அறிக்கை, படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை என்பதை விரிவாகச் சொன்னது. ஒதுக்கப்பட்டவர்களுக்கான படத்தை ஒதுக்கப்பட்டவர்களின் வயிற்றில் அடித்து எடுக்கச் சொல்வதாக அந்த யோசனை முடியும். அடூர் இதை நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் பட்ஜெட் தாள் யாருடைய எண்ணத்தையும் கேட்பதில்லை.

இதுவரை திட்டத்தின் பக்கம் பேசினேன். அதன் ஆதரவாளர்கள் பேசத் தயங்கும் பகுதி இனிமேல்தான்.

அரசு நல்ல வள்ளலாக இருக்கலாம்; நல்ல தயாரிப்பாளராக இருப்பது கடினம். தனியார் தயாரிப்பாளருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்ற பதைப்பு இருக்கிறது. அந்தப் பதைப்புதான் அவரைத் திரையரங்கு உரிமையாளரின் வாசலில் நிற்க வைக்கிறது, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட வைக்கிறது, விழாக்களுக்கு அனுப்ப வைக்கிறது. கழகத்துக்கு அந்தப் பதைப்பு கிடையாது. கோப்பைப் பொறுத்தவரை படம் முடிந்து செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பட்ட அன்றே வேலை முடிந்துவிடுகிறது. 2019இல் தொடங்கிய முதல் சுற்றில் தேர்வான ‘டிவோர்ஸ்’ திரையரங்குக்கு வந்தது 2023இல். ‘நிளா’வின் இயக்குநரும் கழகம் தன்னை நடத்திய விதம் பற்றி வெளிப்படையாகக் குறைசொன்னார். முதல் படம் எடுத்தவருக்கு மூன்று நான்கு வருடக் காத்திருப்பு என்பது சாதாரணமல்ல. அந்தக் காலத்தில் படத்தைக் காட்டி அடுத்த வாய்ப்பு கேட்க முடியாது. படத்தின் உரிமை தன்னிடம் இல்லாததால் வேறு வழியில் வெளியிடவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்தவருக்கு அனுபவச் சான்றிதழை நான்கு வருடம் கழித்துக் கொடுப்பதைப் போல.

இந்தக் குறை அரசுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற ஓடிடி தளத்தை அதே கழகம் தொடங்கியது. மாநில அரசு ஒன்று நடத்தும் முதல் ஓடிடி. மாதச் சந்தா இல்லை, ஒரு படத்துக்கு 75 ரூபாய். ‘நிஷித்தோ’வும் ‘பி 32’உம் அங்கே போயின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தயாரிப்பவரும் அரசு, தேர்ந்தெடுப்பவரும் அரசு, காட்டுபவரும் அரசு என்றாகும்போது அந்த இயக்குநர்கள் தொழிலுக்குள் வரவில்லை. தொழிலுக்குப் பக்கத்தில் கட்டிய ஒரு தனி வீட்டில் குடியேறுகிறார்கள். வாடகை இல்லாத வீடு, ஆனால் பேருந்து வராத தெரு.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பெண்கள் பிரிவில் வந்த கதைகளைப் பாருங்கள்: விவாகரத்து, மார்பகம், ஓடிப்போக நினைக்கும் பெண். மற்றப் பிரிவில் ‘அரிக்’ ஒரு தலித் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இவை எழுதப்பட வேண்டிய கதைகள், அதில் ஐயமில்லை. ஆனால் பிரிவின் பெயரே கதையின் எல்லையாகிவிடுகிறதோ? விண்ணப்பிக்கிறவர் முட்டாளல்ல, குழு எதை எதிர்பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். தலித் இயக்குநர் ஒருவர் பேய் நகைச்சுவைப் படத்துக்குத் திரைக்கதை கொடுத்தால் குழு எப்படிப் படிக்கும்? பெண் ஒருவர் இரண்டு ஆண்களின் கால்பந்துக் கதையை எழுதிக் கொடுத்தால்? தன் காயத்தைக் காட்டினால்தான் காசு என்பது எழுதப்படாத விதியாகிவிட்டால், வாய்ப்பு கொடுத்த கையே வாயையும் கட்டியதாகிவிடும். உயர்சாதி ஆண் இயக்குநருக்கு இருக்கும் மிகப் பெரிய சுதந்திரம், தன்னைப் பற்றி எடுக்காமல் இருக்கும் சுதந்திரம்.

தமிழ்நாட்டில் இதே வேலை வேறு வழியில் நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ தயாரித்தது. மாரி செல்வராஜுக்கு அது முதல் படம். பிறகு ‘கர்ணன்’, ‘மாமன்னன்’, ‘வாழை’, ‘பைசன்’. நீலத்திலிருந்தே ‘ரைட்டர்’, ‘சேத்துமான்’, ‘ப்ளூ ஸ்டார்’ என்று வேறு இயக்குநர்களின் படங்களும் வந்தன. இங்கே கதவைத் திறந்தவர் சந்தைக்குள்ளேயே நின்றுகொண்டு திறந்தார். படம் ஓடியே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. அதனால் மாரிக்கு இரண்டாம் படம் கேட்க யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கவில்லை. இந்த வழியின் பலவீனமும் வெளிப்படை. ஒரு மனிதரின் வெற்றியில் தொங்கும் கயிறு அது. அவருக்கு வரிசையாக நான்கு படம் ஓடாவிட்டால் கயிறு அறுந்துவிடும். அரசின் ஒதுக்கீடு அப்படி அறுவதில்லை. தவிர, நீலத்தின் வாசலில் பெண் இயக்குநர்களின் வரிசை இன்னும் சிறியதே.

கேரளம் தன் திட்டத்தில் மாற்ற வேண்டியதும் அதனால்தான் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றரைக் கோடியைக் குறைப்பது வேண்டாம். அதன்மேல் வெளியீட்டுக்கென ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்க வேண்டும். தணிக்கை முடிந்து ஆறு மாதத்துக்குள் கழகம் வெளியிடவில்லையென்றால் உரிமை இயக்குநருக்குத் திரும்ப வேண்டும். கழகத்தின் சொந்தத் திரையரங்குகளில் காலைக் காட்சியல்லாமல் மாலைக் காட்சி. ஏற்கெனவே முதல் படம் முடித்தவர் தனியார் தயாரிப்பாளரோடு சேர்ந்து வந்தால், இரண்டாம் படத்தின் செலவில் ஒரு பங்கு. அதில் எந்தப் பொருளில் படம் எடுக்கிறார் என்ற கேள்வியே கூடாது.

திருவனந்தபுரத்தில் மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டது 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோசி, தலித் பெண். படத்தில் நாயர் பெண்ணாக வந்தார். இன்று அவர் கழகத்துக்கு விண்ணப்பித்தால் எந்தப் பிரிவில் போடுவார், பெண்ணா, பட்டியல் சாதியா என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் திரையைக் கல்லால் அடித்தது, அவரைத் துரத்தியது. லாரி ஒன்றில் ஏறித் தப்பினார் என்று சொல்வார்கள். இன்று கேரளத்தில் சினிமாப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருக்கிறார்கள். சென்னையில் நீலம் அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது. அவர் நடித்த படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ரோசிக்கும் ஒரு முதல் படம் கிடைத்தது. அதன்பின் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார்.