ஆழாக்கும் படியும்

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வந்தது. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், வாய்வழியாக மட்டுமே இருந்த கைப்பக்குவத்தை ஆழாக்குக் கணக்கில் எழுதி, தன் பெயரிலேயே அச்சிட்டது சின்னக் காரியமல்ல. வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறேன். ஆனால் மணப்பெண்ணுக்குச் சீராகப் போகும் அந்நூல் ஒரு சாதியின் அடுக்களை. நாற்று நட்ட கை வரப்பு வளையில் பிடித்த நண்டுக்கும் நத்தைக்கும் அங்கே இடமில்லை.

என் அம்மாச்சி நண்டை அம்மியில் நசுக்கி ரசம் வைப்பாள். அளவு கேட்டால் சிரிப்பாள். அவள் அறிந்த படி, கூலிநெல் அளக்கும் படி. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ‘தஞ்சாவூர்ச் சமையல்’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம், எந்தத் தெருவின் சமையல் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அம்மாச்சியின் ரசத்தை நானாவது எழுதலாமென்று உட்கார்ந்தேன். மிளகும் பூண்டும் இருக்கின்றன. பூச்சிமருந்து அடித்த எங்கள் வயலில் நண்டு இல்லை.